ஏ.ஆர். காப்பியில் மூன்று பேர், எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர்: ஒரு காவல் நிலையத்தின் ஆங்கில வாசிப்புப் பயிற்சி – நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் கடலோர மாவட்டம் ஒன்றில், ஒரு காவல் நிலையத்துக்காரர்களோடு நடத்திய ஆங்கில வாசிப்புப் பயிற்சியைப் பற்றிய பதிவு இது. வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் இருக்கிறது. அதனால் பெயர், ஊர், தேதி எதையும் தரவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன். நான் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காவலர்களுக்கோ சிறைத்துறை, தீயணைப்புத் துறைப் பணியாளர்களுக்கோ ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பின்னணி

நம் காவல் நிலையங்களில் உள்ளே உருவாகிற தாள் எல்லாம் தமிழ்தான். புகார் மனு, சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு), முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.), சாட்சி வாக்குமூலம், மகஜர் (பார்வையிட்டதையும் கைப்பற்றியதையும் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) என்று எதை எடுத்தாலும் தமிழில் எழுதித்தான் பழக்கம். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேரூன்றிய பழக்கம் அது. ஆனால் வெளியிலிருந்து வந்து சேரும் தாள்கள் அப்படி இல்லை. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் (எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்றுதான் சொல்கிறார்கள்), காயச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறையின் அறிக்கை, எல்லாமே ஆங்கிலம். உயர் நீதிமன்ற உத்தரவும் அப்படித்தான். அரசியல் சட்டத்தின் 348-ஆவது பிரிவு உயர் நீதிமன்ற நடவடிக்கைகளை ஆங்கிலத்தில் வைத்திருக்கிறது. ஆக ஒரே சி.டி. ஃபைலில் (வழக்கு நாட்குறிப்புக் கோப்பில்) பாதி தமிழ், பாதி ஆங்கிலம். வழக்கின் கனமான விஷயங்கள் பல அந்த ஆங்கிலப் பாதியில்தான் இருக்கும்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. ஆனாலும் இன்று பணிக்கு வருகிறவர்களில் பட்டதாரிகள் நிறைய. பொறியியல் படித்தவர்களும் இருக்கிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லக் காரணம் உண்டு. கீழே வருவதை 'ஆங்கிலம் தெரியாத போலீஸ்காரர்கள்' கதையாக யாரும் படித்துவிடக் கூடாது.

நடந்த சம்பவம்

புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பிறகு நடந்தது இது. ஒரு மாலைப் பொழுதில் வரப்புத் தகராறு முற்றி அடிதடியானது. நாற்பதுகளில் இருந்த ஒருவருக்குத் தலையிலும் இடது கையிலும் காயம். அவருடைய தம்பி அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரவே நிலையத்துக்குத் தகவல் வந்தது. மறுநாள் காலை ஏட்டு ஒருவர் வார்டுக்குப் போய், தம்பி பக்கத்தில் இருக்கும்போது வாக்குமூலம் வாங்கினார். ஐந்து பேர் வழிமறித்துத் திட்டி, அரிவாளால் தலையில் வெட்டி, கையால் அடித்து, கொன்றுவிடுவதாக மிரட்டினார்கள் என்பது அதன் சாரம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி) (ஆபாசமாகத் திட்டுவது), 115(2) (சாதாரணக் காயம்), 118(1) (ஆயுதத்தால் சாதாரணக் காயம்), 351(3) (கொலை மிரட்டல்) பிரிவுகளில் வழக்குப் பதிவானது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 324, 506(2) என்று வழக்கமாக வருமே, அதே வரிசைதான்.

மூன்று பேர் கைதாகி ரிமாண்டுக்குப் போனார்கள். ஒருவர் கொஞ்ச நாள் கழித்துப் பிடிபட்டார். இன்னொருவர் உயர் நீதிமன்றத்தில் முன்ஜாமீன் வாங்கினார்.

ஏ.ஆர். காப்பி அந்த வாரமே நிலையத்துக்கு வந்து ஃபைலில் சேர்ந்துவிட்டது. காயச் சான்று அதற்கப்புறம் வந்தது. அதையும் கோத்து வைத்தார்கள். இறுதி அறிக்கையின் (குற்றப்பத்திரிகையின்) வரைவு, கருத்துக்காக அரசு உதவி வழக்கறிஞரின் மேசைக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் ஃபைலைத் திருப்பி அனுப்பி, மூன்று கேள்விகளுக்கு விளக்கம் கேட்டிருந்தார்.

ஏ.ஆர். காப்பியில், தெரிந்த நபர்கள் மூன்று பேர் கட்டையாலும் கையாலும் தாக்கியதாகக் கூறப்படுகிறது என்று மருத்துவர் எழுதியிருக்கிறாரே, ஐந்து பேர் எப்படி வந்தார்கள்? தலைக்காயம் லேசரேஷன், அதாவது மழுங்கிய பொருள் பட்டுப் பிய்ந்த காயம், என்று இருக்கிறதே, அரிவாள் எங்கிருந்து வந்தது? இடது முன்கையில் எலும்பு முறிவு இருக்கிறதே, பிறகு ஏன் சாதாரணக் காயத்துக்கான பிரிவோடு வழக்கு நிற்கிறது?

இந்த மூன்றுக்கும் விடை தேட வெளியே போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. கேள்விக்கு அடிப்படையான வரிகள் எல்லாம் நிலைய அலமாரியிலேயே இருந்தன.

அந்த உட்கோட்டத்தின் டி.எஸ்.பி., வேறு நிலைய ஃபைல்களிலும் இதே மாதிரி கேள்விகள் திரும்பி வருவதைக் கவனித்திருந்தார். காவலர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்க முடியுமா என்று என்னைக் கேட்டார்.

கவனித்தவை

வகுப்பைத் தொடங்கும் முன் நிலையத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன். நிலையத்தின் எழுத்து வேலைகளைப் பார்க்கும் காவலரான ரைட்டரின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் யாரும் பேசியதாகவே எனக்கு நினைவில்லை. ஆங்கிலத்தில் தாள்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

காயச் சான்று கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் நேரே கடைசிக்குப் போகிறது. 'சிம்பிள்' (சாதாரணக் காயம்) என்று இருக்கிறதா, 'க்ரீவியஸ்' (கொடுங்காயம்) என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துப் பிரிவு முடிவாகிறது. மேலே உள்ள பத்துப் பதினைந்து வரிகளை யாரும் தொடுவதில்லை. இந்த வழக்கின் முதல் சான்றில் அந்த இடத்தில் 'ஒப்பீனியன் ரிசர்வ்டு' என்று இருந்தது. எக்ஸ்ரே அறிக்கை வந்த பிறகு கருத்துச் சொல்கிறேன் என்று மருத்துவர் நிறுத்தி வைத்திருக்கிறார். க்ரீவியஸ் என்று இல்லையே, அப்போ சாதாரணக் காயம்தான் என்று நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். இறுதிக் கருத்தைக் கேட்டு மருத்துவமனைக்கு யாரும் போகவில்லை.

அடுத்தது மருத்துவர்களின் சுருக்கெழுத்து. ஏ.ஆர். காப்பியில் எலும்பு முறிவை மருத்துவர் சொல்லாக எழுதவே இல்லை. செல்போனில் ஹேஷ் என்று அழுத்துகிறோமே, நெடுக்கே இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு, அந்தக் குறியைப் போட்டு, பக்கத்தில் வட்டத்துக்குள் எல் என்ற எழுத்து, அதற்குப் பக்கத்தில் அல்னா. இடது முன்கையின் உள்பக்க எலும்பு முறிந்திருக்கிறது என்று அர்த்தம். மருத்துவமனையில் இது அன்றாட வழக்கம். நிலையத்தில் இளம் காவலர் ஒருவர் அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "மேடம், இது நம்பர் சிம்பல்தானே? பக்கத்தில நம்பரையே காணோமே?" என்று கேட்டார். அவர் பொறியியல் பட்டதாரி. ஆங்கில வழியில் படித்தவர். அகராதியில் தேடினாலும் இந்தக் குறி அவருக்குக் கிடைத்திருக்காது.

பெரிய விஷயம் 'அலெஜ்டு' (கூறப்படுகிறது) என்று தொடங்கும் அந்த ஒற்றை வரி. காயம்பட்டவரோ, அவரை அழைத்து வந்தவரோ சொன்னதை மருத்துவர் அப்படியே குறித்துக்கொள்கிற இடம் அது. எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, என்ன ஆயுதம், எந்த இடம், எத்தனை மணி, இவ்வளவும் அந்த ஒரு வரியில் இருக்கும். சம்பவம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், யாரும் உட்கார்ந்து யோசனை சொல்வதற்கு முன், சூடாகப் பதிவாகிற வரி அது. எண்ணிக்கை மாறியதாலேயே வழக்கு விழுந்துவிடாது. மருத்துவரின் வேலை சிகிச்சை, புலன்விசாரணை அல்ல என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் கையில் எடுப்பதும் அதைத்தான். ஏட்டு மருத்துவமனையிலேயே அதைக் கேட்டுப் படித்துவிட்டு வார்டுக்குப் போயிருந்தால், 'டாக்டர்கிட்ட மூணு பேருன்னு சொன்னீங்களே?' என்று அங்கேயே கேட்டிருக்கலாம்.

செல்போனில் படம் பிடித்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்க்கும் பழக்கமும் இருந்தது. மருத்துவரின் கையெழுத்தை அந்தச் செயலி கண்டபடி மாற்றித் தந்தது. அதைவிடக் கவலை, காயம்பட்டவர்களின் பெயரும் உடம்பின் விவரமும் காவலர்களின் சொந்த போன்களில் கிடந்தது. பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளிப்படுத்துவதே நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி குற்றம். அப்படி ஒரு தாள் தவறுதலாக எங்காவது போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பேச்சு ஆங்கிலம் வேண்டாம் என்பது. டி.எஸ்.பி.யிடம் பார்த்ததைச் சொன்னேன்; அவரும் ஒப்புக்கொண்டார். வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வருகிற மாமல்லபுரம் போன்ற இடம் என்றால் பேச்சுப் பயிற்சிக்கு நியாயம் உண்டு. இங்கே அவர்களுக்கு வேண்டியது வாசிப்பு. காவல் வேலைக்கென்று ஆங்கிலத்தைக் குறுக்கிக்கொள்வது புதிதும் அல்ல. இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கும் கடலடிச் சுரங்கப்பாதை 1994-இல் திறக்கப்படும் முன்பே, இரு கரையின் போலீசாரும் குழப்பமில்லாமல் தகவல் பரிமாறிக்கொள்ள 'போலீஸ்ஸ்பீக்' என்று ஒரு கட்டுப்படுத்திய ஆங்கிலத்தை ஆய்வு செய்து உருவாக்கினார்கள்.

இரண்டாவது, பாடப்புத்தகம் கிடையாது. நிலையத்துக்கு வருகிற தாள்தான் பாடம். ஆனால் அசல் தாளை வகுப்பில் காட்டுவதில்லை. பெயர், வயது, தேதி, ஊர் மாற்றி நானே கையால் எழுதித் தயாரித்தேன். தட்டச்சு செய்தால் கையெழுத்தைப் படிக்கும் பழக்கம் வராது. பாலியல் குற்றம், குழந்தைகள் தொடர்பான வழக்குத் தாள்களை மாற்றி எழுதியும் பயன்படுத்துவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது முடிவுதான் பயிற்சியின் உயிர். சொல்லுக்கு அர்த்தம் பார்த்துக்கொண்டே போவதை நிறுத்தி, சாட்சியை விசாரிப்பது போலத் தாளை விசாரிக்கச் சொன்னேன். இதை எழுதியது யார், எத்தனை மணிக்கு? இந்த வரி மருத்துவர் கண்ணால் பார்த்ததா, யாரோ சொன்னதா? சொன்னது காயம்பட்டவரா, கூட வந்தவரா? எத்தனை பேர்? எதனால் அடித்தார்கள்? எந்தப் பக்கம், என்ன நீளம், எவ்வளவு ஆழம்? கருத்து முடிந்ததா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா? கேள்வி கேட்பதில் காவலர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்விகளை ஆங்கிலத் தாளிடமும் கேட்கலாம் என்பது மட்டும்தான் அவர்களுக்குப் புதிது.

நான்காவது, சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் மருத்துவருக்கு எழுதிக் கேட்பது. 'நமக்கு இங்கிலீஷ்ல லெட்டர் எழுத வராதே' என்றார் ரைட்டர். ஆங்கிலத் தாளுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் கேட்க வேண்டும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டு, பல சந்தேகங்களைக் கேட்காமலே விட்டிருக்கிறார்கள். அந்த மருத்துவரும் தமிழர்தானே. வேண்டுகோள் கடிதத்தைத் தமிழிலேயே, கேள்விகளுக்கு எண் போட்டு அனுப்புவது என்று முடிவானது. இந்த ஒரு முடிவு, மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக அவர்களுடைய தயக்கத்தை உடைத்தது.

வகுப்பு நடந்த விதம்

காலை ரோல்காலுக்குப் பிறகு அரை மணி நேரம். பந்தோபஸ்து வந்தால் வகுப்பு இல்லை. திருவிழாக் காலத்தில் தொடர்ந்து பல நாள் நின்றுபோனது. இரவுப் பணி முடித்தவர்கள் தூங்கி வழிவார்கள். அவர்களை உட்கார வைப்பது கொடுமை என்று அனுப்பிவிடுவேன்.

காயங்களின் பெயர்களிலிருந்து ஆரம்பித்தோம். அப்ரேஷன் சிராய்ப்பு, கன்டூஷன் கன்றிய காயம் என்பதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. நேரம் எடுத்தது இன்சைஸ்டு, லேசரேட்டட் இரண்டும்தான். கூரான ஆயுதம் பட்டால் ஓரம் சீராக இருக்கும், மயிரும் சீராக வெட்டுப்பட்டிருக்கும். மழுங்கிய பொருள் பட்டால் ஓரம் ஒழுங்கில்லாமல், நசுங்கி, உள்ளே திசு இழைகள் அறுபடாமல் பாலம் போல நிற்கும். தலையில் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருப்பதால், கட்டை அடிகூட வெட்டியது போலப் பிளந்து காட்டும். காயத்தைப் பார்த்த தம்பி 'அரிவாள் வெட்டு' என்று நம்பியிருக்க இடமுண்டு என்பது வகுப்பில் இருந்தவர்களுக்கு அப்போதுதான் தோன்றியது. ஏட்டு ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவின் எட்டு வகைக் கொடுங்காயங்களையும் சேர்த்தே படித்தோம். எலும்போ பல்லோ முறிந்தால், அல்லது மூட்டு விலகினால் அது ஏழாவது வகை. எட்டாவது வகையில் பழைய சட்டத்தில் இருபது நாள் என்று இருந்தது புதிய சட்டத்தில் பதினைந்து நாளாகக் குறைந்திருக்கிறது. அது பலருக்குப் புதிய செய்தி. சான்றில் உள்நோயாளியாக இருந்த நாட்கள் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார்கள்.

அப்புறம் நீதிமன்ற உத்தரவு. முன்ஜாமீன் உத்தரவின் நிபந்தனைப் பகுதியைப் பெயர் மாற்றி எழுதிக் கொடுத்திருந்தேன். தினமும் காலை 10.30 மணிக்கு இரண்டு வாரம் எதிர்மனுதாரர் போலீஸ் (அதாவது இந்த நிலையம்) முன் கையெழுத்திட வேண்டும், அதன் பிறகு விசாரணைக்குத் தேவைப்படும்போது மட்டும் வர வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு பெண் காவலர் அந்த வாக்கியத்தை முழுதாகப் படித்து முடித்தார். 'தேர்ஆஃப்டர்' (அதன் பிறகு) என்ற இடத்தில் நின்று, இன்னொரு முறை படித்தார். எழுந்து போய்க் கையெழுத்துப் பதிவேட்டை எடுத்து வந்தார். அந்த ஐந்தாவது ஆள் இரண்டு வாரம் தாண்டியும் தினமும் வந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கூலி வேலை செய்கிறவர், 10.30 மணிக்கு நிலையத்தில் நின்றால் அன்றைய கூலி போச்சு. 'வராதே' என்று யாரும் சொல்லாததால் அவரும் வந்திருக்கிறார். இன்ஸ்பெக்டருக்குத் தகவல் போனது. கூப்பிட்டால் மட்டும் வந்தால் போதும் என்று அன்றே அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

அவரிடம் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை. வாக்கியத்தின் முன்பாதியைப் படித்துவிட்டுப் பின்பாதியை விட்டதன் விலையை அவர் கொடுத்தார், அவ்வளவுதான். இந்த வழக்கில் என்னை அதிகம் வருத்தியது இது.

வழக்கில் நடந்தது

விசாரணை அதிகாரி மருத்துவருக்குத் தமிழில் கடிதம் எழுதினார். தலைக்காயம் அரிவாளின் கூர்ப்பக்கத்தால் ஏற்பட்டிருக்க முடியுமா, எக்ஸ்ரே பார்த்த பிறகு கைக்காயத்தைப் பற்றிய இறுதிக் கருத்து என்ன, கைப்பற்றிய சவுக்குக் கட்டையைக் காட்டினால் அதனால் இந்தக் காயங்கள் ஏற்படுமா என்று மூன்று கேள்விகள். அரிவாளின் கூர்ப்பக்கத்தால் ஏற்பட வாய்ப்பில்லை, கைக்காயம் கொடுங்காயம், இரண்டு காயமும் அந்தக் கட்டையால் ஏற்படக்கூடியவை என்று பதில் வந்தது. முன்கையின் அந்த எலும்பு மட்டும் தனியாக முறிவது, விழுகிற அடியைத் தடுக்கக் கையைத் தூக்குகிறவர்களுக்கு வழக்கமாக நேர்வது. காயம்பட்டவர் தன் வாக்குமூலத்தில், கையைத் தூக்கித் தடுத்ததாக முதலிலேயே சொல்லியிருந்தார். அந்த வரியும் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

காயம்பட்டவரிடம், தம்பி இல்லாதபோது, கூடுதல் வாக்குமூலம் வாங்கினார்கள். அடித்தது மூன்று பேர்தான் என்றார். மற்ற இருவரும் அடித்தவர்களின் குடும்பத்து ஆட்கள். பழைய பகை இருந்ததால் தம்பி சேர்த்துச் சொல்லச் சொன்னார் என்றும் ஒப்புக்கொண்டார். நேரில் பார்த்த இருவரைத் திரும்ப விசாரித்தபோது அவர்களும் மூன்று பேர் என்றார்கள். சேர்க்கப்பட்ட இருவரில் ஒருவர், கைதாகி ரிமாண்டில் இருந்து அதற்குள் ஜாமீனில் வந்திருந்தவர். சம்பவ நேரத்தில் தான் வேலை பார்க்கும் கடையில் இருந்தது உறுதியானது.

118(1)-ஐ 118(2)-ஆக (ஆயுதத்தால் கொடுங்காயம்) மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை போனது. இரண்டு பெயர்கள் நீக்கப்பட்டு, மூன்று பேர் மீது இறுதி அறிக்கை தாக்கலாகி, நீதிமன்றத்தில் கோப்புக்கு எடுக்கப்பட்டது. இனி சாட்சி விசாரணை. கூடுதல் வாக்குமூலத்தை வைத்து எதிர்த்தரப்பு கேள்வி எழுப்பத்தான் செய்யும். அதைத் தவிர்க்க முடியாது. முதல் நாளே சரியாகக் கேட்டு எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் தாளே தேவைப்பட்டிருக்காது என்றார் அரசு உதவி வழக்கறிஞர்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதை வேறு இடத்தில் தொடங்குகிறவர்கள் முதல் வகுப்புக்கே ஒரு அரசு மருத்துவரை அழைத்து வாருங்கள். ஆசிரியர் பத்து முறை விளக்குவதை, அந்தக் குறிகளைத் தினமும் போடுகிறவர் ஒரு முறை சொன்னால் போதும். ஏ.ஆர். காப்பியில் ஒரு வரி வழக்கை எங்கெல்லாம் கொண்டுபோகிறது என்பதை அவரும் நேரில் கேட்பார். அரசு உதவி வழக்கறிஞர் ஒரு நாளாவது வந்து, திருப்பி அனுப்பிய கேள்விகளைப் பெயர் இல்லாமல் படித்துக் காட்டினால் நல்லது. இரவுப் பணிக்காரர்களுக்குத் தனி நேரம் வேண்டும்; மருத்துவமனைத் தகவலை முதலில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஒவ்வொரு ஆங்கிலத் தாளின் மேலும் தமிழில் ஐந்து வரிச் சுருக்கம் எழுதிக் கோத்து வைக்கலாம் என்று வகுப்பில் ஒரு யோசனை வந்தது. எல்லோருக்கும் பிடித்திருந்தது. அரசு உதவி வழக்கறிஞர் தடுத்தார். சுருக்கத்தில் ஒரு சொல் தவறிப்போய் அது ஃபைலோடு நீதிமன்றத்துக்குப் போனால், புதிதாக ஒரு முரண்பாட்டை நாமே செய்து கொடுத்தது போலாகும் என்றார். அவர் சொல்வது சரி. இப்போது ரைட்டர் மேசையில் தனி நோட்டு ஒன்று இருக்கிறது. தாள் வந்த அன்றே படித்தவர் அதில் எண்ணிக்கை, ஆயுதம், காயம், கருத்து நிலை ஆகியவற்றைக் குறித்துக் கையெழுத்துப் போடுகிறார். வாக்குமூலத்தோடு ஒத்துப் போகாதது எதுவானாலும் விசாரணை அதிகாரியிடம் வாயால் சொல்லிவிடுகிறார்.

நான் போவதை நிறுத்திய பிறகு, பதிவேட்டைத் தேடி எடுத்த அந்தப் பெண் காவலர்தான் வகுப்பைத் தொடர்கிறார். பிரேதப் பரிசோதனை அறிக்கையை இன்னும் தொடவில்லை. அதற்கு ஒரு தடயவியல் மருத்துவர் வேண்டும் என்று மருத்துவக் கல்லூரிக்கு டி.எஸ்.பி. அலுவலகத்திலிருந்து கடிதம் போயிருக்கிறது.